டல்லாஸ் பக்கம் ஸ்கூல் தேடுறவங்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: வீட்டுக்காரருக்கு டல்லாஸ் டிரான்ஸ்ஃபர். பெரியவ எட்டாவது, சின்னவனுக்கு நாலு வயசு. ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி, பிளேனோ ஐஎஸ்டின்னு எல்லாரும் சொல்றாங்க. ஃபீஸ் எவ்ளோ? பத்துக்குப் பத்து ரேட்டிங் இருக்குற ஸ்கூல்ல சீட் வாங்க யாரைப் பிடிக்கணும்?
(வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: யாரையும் பிடிக்க வேணாம்மா, டொனேஷன் பேச்சே அங்க கிடையாது. ஐஎஸ்டின்னா இண்டிபெண்டண்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். ஸ்கூல் நடத்துறதுக்குன்னே தனியா இருக்குற உள்ளூர் அரசு அமைப்பு அது, ஜனங்க ஓட்டுப் போட்டுத்தான் டிரஸ்டிகளைத் தேர்ந்தெடுப்பாங்க, வீட்டு வரியில பெரிய பங்கு இவங்களுக்குத்தான் போகும், சிட்டி மேயருக்கு இதுல வேலையே இல்ல. ஃபீஸ் கிடையாது. நீங்க வாடகை வீட்ல இருந்தாலும் சரி, எச்4 விசான்னாலும் சரி (வேலை விசாக்காரரோட குடும்பத்துக்குக் குடுக்குறது). விசாவே இல்லாத பிள்ளையைக் கூட வெளிய நிறுத்தக்கூடாதுன்னு 1982லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு, அந்த கேஸும் இதே டெக்ஸாஸ்ல டைலர்ங்கிற ஊர்ல இருந்து போனதுதான்.

சீட்டை முடிவு பண்றது உங்க வீட்டு அட்ரஸ். இங்கதான் நம்மாளுங்க நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஊர் எல்லை வேற, டிஸ்ட்ரிக்ட் எல்லை வேற. பிளேனோன்னு அட்ரஸ் இருக்குற சில வீடுங்க ஃபிரிஸ்கோ ஐஎஸ்டிக்குள்ள வரும், ஃபிரிஸ்கோ ஊருக்குள்ளயே சில வீடுங்க லூயிஸ்வில், லிட்டில் எல்ம், ப்ராஸ்பர் டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போயிடும். அதனால லீஸ்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல அந்தக் கதவு நம்பரைப் போட்டு எந்த ஸ்கூல்னு பாத்துடுங்க, புரோக்கர் வாய்வார்த்தையா சொல்றதை நம்பாதீங்க.

ரேட்டிங்கை நான் பெருசா எடுத்துக்க மாட்டேன், பாதிக்கு மேல அந்தத் தெருவுல எவ்ளோ சம்பளக்காரங்க இருக்காங்கன்னுதான் அது சொல்லும். பெரியவளுக்கு என்ன வேணும்னு பாருங்க. ஃபிரிஸ்கோல ஹைஸ்கூலை வேணும்னே சின்னதா வச்சிருக்காங்க, பேண்டு, டீம்னு நிறைய பிள்ளைங்களுக்கு இடம் கிடைக்கட்டும்னு. அதோட 2008ல ஆரம்பிச்ச ஒரு தொழிற்கல்வி மையம் இருக்கு, கால்நடை மருத்துவம், சமையல், இன்ஜினியரிங்னு எந்த ஹைஸ்கூல் பிள்ளையும் அங்க போய்ப் படிச்சுட்டு வரலாம். பிளேனோல ஒன்பது பத்து ஒரு ஸ்கூல், பதினொண்ணு பன்னெண்டு சீனியர் ஹைனு பெரிய கேம்பஸ், கிட்டத்தட்ட காலேஜ் மாதிரி. ஐபிங்கிற சர்வதேசப் பாடத்திட்டம் படிக்கணும்னா பிளேனோ ஈஸ்ட் ஸ்கூல்ல இருக்கு. கூச்ச சுபாவம்னா நான் ஃபிரிஸ்கோன்னு சொல்வேன். ஆனா எங்க போனாலும் அவ மார்க் ஷீட்டோட கணக்கு சிலபஸையும் எடுத்துட்டுப் போங்க, ஸ்கூல் கவுன்சலர் அதைப் பாத்துதான் ஒன்பதாவதுல அல்ஜீப்ராவா ஜியோமெட்ரியான்னு போடுவாங்க, தப்பான கிளாஸ்ல உக்காந்துட்டா அப்புறம் மாத்துறது பெரிய தலைவலி.

கேள்வி: அட்மிஷன் ஃபார்ம்ல வீட்ல என்ன மொழி பேசுறீங்கன்னு கேக்குறாங்க. தமிழ்னு போட்டா பையனைத் தனி கிளாஸ்ல தள்ளிடுவாங்க, இங்கிலீஷ்னே போடுன்னு ஃப்ரெண்டு சொல்றா. என்ன போடட்டும்?
(வாசகி, ஃபிரிஸ்கோ)

பதில்: தமிழ்னே போடுங்க. போட்டா ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வைப்பாங்க, நல்லா பண்ணிட்டா அதோட முடிஞ்சுது. பண்ணலன்னா கூடுதல் உதவி, அதுவும் வேணாம்னா எழுதிக் கொடுத்துட்டு வெளிய வந்துடலாம். அதுல என்ன பயம்? இன்னொண்ணு, இது மடிப்பாக்கம் வாசகிக்கும் சேத்துத்தான்: செப்டம்பர் 1க்குள்ள நாலு வயசு முடிஞ்ச பிள்ளைக்கு இங்கிலீஷ் பேசவோ புரிஞ்சுக்கவோ வரலன்னா டெக்ஸாஸ்ல ப்ரீகே, அதாவது கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு, இலவசம், சம்பளம் எவ்ளோன்னு பாக்க மாட்டாங்க. வெளிய டேகேருக்கு மாசாமாசம் அழுற காசைக் கணக்குப் போட்டுப் பாருங்க.

கேள்வி: பொண்ணு பத்தாவது. ரேங்க்குக்காக சுலபமான ஸ்கூலா பாத்து மாறலாமான்னு வீட்ல தினம் சண்டை.
(வாசகர், பிளேனோ)

பதில்: அந்தச் சண்டை டெக்ஸாஸ்ல பாதி வீட்ல நடக்குது சார். 1997 சட்டப்படி வகுப்புல முதல் 10 சதவீதம் வந்தா ஸ்டேட் யுனிவர்சிட்டியில இடம் நிச்சயம். ஆனா யூடி ஆஸ்டினுக்கு, அதாவது ஆஸ்டின்ல இருக்குற டெக்ஸாஸ் யுனிவர்சிட்டிக்கு மட்டும், அது சுருங்கிட்டே வந்து 2026 ஃபால் (இலையுதிர் கால) அட்மிஷன்ல இருந்து 5 சதவீதம். அதுவும் யுனிவர்சிட்டிக்குள்ள நுழையத்தான், கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும்னு எவனும் சொல்லல. இதுக்காகப் பிள்ளையை ஃப்ரெண்ட்ஸை விட்டுப் பிரிக்காதீங்க. அங்க இருக்குற காலின் காலேஜ்ங்கிற கம்யூனிட்டி காலேஜ்ல டூயல் கிரெடிட் எடுக்கச் சொல்லுங்க, ஹைஸ்கூல் கணக்குலயும் ஏறும், காலேஜ் கணக்குலயும் ஏறும்.

கேள்வி: ஊசி கார்டு கேப்பாங்களா?
(வாசகர், திருச்சி)

பதில்: கண்டிப்பா. சின்னம்மை (சிக்கன்பாக்ஸ்) ஊசி, ஹெபடைட்டிஸ் ஏ ஊசி ரெண்டும் நம்ம அரசு அட்டவணையில இல்லாததால நிறைய பேர் கார்டுல இருக்காது, டெக்ஸாஸ்ல ரெண்டுமே ரெண்டு டோஸ் கேப்பாங்க. முதல் டோஸையாவது ஊர்லயே போட்டு, டாக்டர்கிட்ட தேதியோட இங்கிலீஷ்ல எழுதி சீல் வாங்கிக்குங்க.