டிவிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர்: படம் சரியில்லை என்றவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

டிவிக்குக் கீழே ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்து, சினிமா, சீரியல், பாட்டு எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துப் பழகிப் பல வருடம் ஆகிவிட்டது. அதில் விட்ட பணமும் பட்ட பாடும் கொஞ்சமல்ல. அந்த அனுபவத்தை வைத்து, வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். எல்லாரிடமும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: படம் எந்த இடத்தில் கெடுகிறது? ஃபைலிலா, பிளேயரிலா, கிராஃபிக்ஸ் செட்டிங்கிலா, கேபிளிலா, டிவியிலா? அது தெரிவதற்குள் கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: அண்ணா, மானிட்டரில் பளிச்சென்று இருக்கும் எழுத்தெல்லாம் டிவியில் மங்கலாக இருக்கிறது. கீழே டாஸ்க்பாரில் பாதியைக் காணவில்லை. 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி. கேபிளை மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி, கேபிள் பாவம் ஒன்றும் செய்யவில்லை. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரங்கள் கோணலாகவும் அசிங்கமாகவும் இருக்கும் என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. 1920×1080 புள்ளிகளை நீங்கள் ஒழுங்காக அனுப்புகிறீர்கள். டிவி ஓரத்தை வெட்டி, மீதியை இழுத்து மறுபடியும் 1920×1080 ஆக்குகிறது. இழுத்ததால் எழுத்து மங்குகிறது, வெட்டியதால் டாஸ்க்பார் போகிறது.

டிவி ரிமோட்டை எடுத்து, படத்தின் அளவு என்கிற மெனுவுக்குப் போங்கள். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ அல்லது ‘ஃபிட் டு ஸ்கிரீன்’, சோனியில் ‘ஃபுல் பிக்சல்’ என்று இருக்கும். கிராஃபிக்ஸ் டிரைவரில் படத்தைச் சுருக்கும் ஒரு ஸ்லைடர் உண்டு, அதைத் தொடாதீர்கள். டாஸ்க்பார் உள்ளே வந்துவிடும், ஆனால் கம்ப்யூட்டர் சுருக்கி டிவி விரித்து, மங்கல் இரண்டு மடங்காகிவிடும்.

அப்புறம் ஒன்று. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து மட்டும் ஈரத்தாளில் எழுதிய மை மாதிரி கசிந்து தெரிந்தால், டிவி நிறத்தைப் பாதி அளவில்தான் எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை ‘பிசி’ என்று மாற்றிப் பாருங்கள். பெயரை மாற்றினால் படம் மாறுமா என்று சிரிக்காதீர்கள், பல டிவிகளில் மாறும்.

கேள்வி: சார், என்னுடையது 32 இன்ச் ‘எச்டி ரெடி’. 1080 வைத்தாலும் 720 வைத்தாலும் எழுத்து தெளிவாக இல்லை.

பதில்: உங்கள் பேனலில் இருப்பது பெரும்பாலும் 1366×768 புள்ளிகள். நீங்கள் எதைக் கொடுத்தாலும் அது சுருக்கியோ விரித்தோதான் காட்டும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1360×768 இருக்கிறதா என்று பாருங்கள். விஜிஏ சொருகும் இடம் இருந்தால் அதன் வழியாகவும் கிடைக்கலாம். இருந்தால் அதுதான் உங்களுக்குச் சரி. இல்லையென்றால் எழுத்தளவை 150 சதவீதம் வைத்துவிட்டுப் படம் பாருங்கள். சினிமாவில் இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: இரவுக் காட்சி வந்தால் கறுப்பு கறுப்பாகவே இல்லை, சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது. டிவியில் பிரைட்னஸைக் குறைத்தால் பகல் காட்சியும் இருட்டாகிவிடுகிறது. பேனல் போய்விட்டதா?

பதில்: இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்தக் கதை இருக்கிறது. ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மலிவு டிவி, அதன் லட்சணம் அவ்வளவுதான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். கடைசியில் என் மனைவிதான், “ராத்திரி சீன்ல வானத்துல பாலைக் கலக்கின மாதிரி இருக்கே, ஆனா யூஎஸ்பியை டிவியிலேயே சொருகினா நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். அதே ஃபைல், அதே டிவி. அப்படியென்றால் பேனல் மேல் தப்பில்லை.

விஷயம் இதுதான். வீடியோ உலகத்தில் கறுப்பு என்றால் எண் 16, வெள்ளை என்றால் 235. கம்ப்யூட்டர் உலகத்தில் கறுப்பு 0, வெள்ளை 255. கம்ப்யூட்டர் 16 என்று அனுப்புவதை, 0-வை எதிர்பார்க்கும் டிவி வாங்கினால், அதற்கு அது கறுப்பல்ல, சாம்பல். அதுதான் உங்கள் வீட்டில் நடக்கிறது. தலைகீழாக நடந்தால் நிழலில் நிற்கிறவரின் முடி, சட்டை, பின்சுவர் எல்லாம் ஒரே மைத்திட்டாகிவிடும். வெள்ளை வேட்டியில் மடிப்பே தெரியாது.

கிராஃபிக்ஸ் கன்ட்ரோல் பேனலில் ‘டைனமிக் ரேஞ்ச்’ அல்லது ‘குவாண்டைசேஷன் ரேஞ்ச்’ என்று ஒன்று இருக்கும். டிவியில் ‘பிளாக் லெவல்’ அல்லது ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’ இருக்கும். இரண்டும் ஒரே பேச்சைப் பேச வேண்டும்: அங்கே லிமிடெட் என்றால் இங்கே லோ, அங்கே ஃபுல் என்றால் இங்கே ஹை அல்லது நார்மல். கோடி (Kodi) பிளேயரில் ‘16-235 மட்டும்’ என்கிற மூன்றாவது சுவிட்சும் உண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் திருப்பினால் குழம்பிப்போவீர்கள். ஒன்றைத் திருப்பி, அதே இரவுக் காட்சியைப் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போங்கள். இது சரியாகும்வரை பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: கேமரா மெதுவாக இடமிருந்து வலம் நகரும்போது படம் தட்டித் தட்டிப் போகிறது. ரேம் 16 ஜிபி. இன்னும் போட வேண்டுமா?

பதில்: ரேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சினிமா நொடிக்கு 24 படம். உங்கள் டிவி நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கிறது. 60-ஐ 24-ஆல் வகுத்தால் இரண்டரை. அரைத் தடவை காட்ட முடியாது. அதனால் ஒரு படத்தை மூன்று தடவை, அடுத்ததை இரண்டு தடவை என்று மாற்றி மாற்றிக் காட்டுகிறது. ஒரு கால் குட்டையான நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஆட்டம் வருவது அதனால்தான்.

கோடியில் செட்டிங்ஸ், பிளேயர், வீடியோஸ் என்று போய், ‘அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்’ என்பதை ‘ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்’ என்று வையுங்கள். படம் தொடங்கும்போது திரை ஓரிரு நொடி கறுப்பாகி வரும், பயப்படாதீர்கள், டிவி 24-க்கு மாறுகிறது. நம் ஊர் சேனலில் பதிவு செய்தது என்றால் 50-க்கு மாறும்.

மாறிய பிறகும் தட்டினால், படம் ஓடும்போது கீபோர்டில் ‘ஓ’ (O) எழுத்தை அழுத்துங்கள். டிகோடர் (ஃபைலைப் பிரித்துப் படமாக்குவது) பெயருக்குப் பக்கத்தில் எச்டபிள்யூ (HW) என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலை செய்கிறது. இல்லையென்றால் பிராசசர் தனியாக மூச்சு வாங்குகிறது. 10-பிட் எச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை) ஃபைல் என்றால், இன்டெல்லில் ஏழாம் தலைமுறை முதல்தான் சிப்பே அதை முழுதாகப் பிரிக்கும். ராஸ்பெர்ரி பை 4 என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் எச்இவிசியைச் சுலபமாக ஓட்டும், ஆனால் விபி9 என்கிற இன்னொரு முறைக்கு அதில் ஹார்ட்வேர் உதவி கிடையாது.

டிவியில் ‘ட்ரூமோஷன்’, ‘மோஷன்ஃப்ளோ’ மாதிரி ஒன்றைப் போட்டாலும் தட்டல் மறையும். ஆனால் நடுவில் இல்லாத படங்களை டிவியே வரைந்து சேர்ப்பதால், பெரிய படமும் சீரியல் மாதிரி ஆகிவிடும். என் வீட்டில் அது நிரந்தர ஆஃப்.

கேள்வி: சேனலில் பதிவு செய்த கிரிக்கெட்டில், பந்து வீசும் கை மட்டும் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிகிறது.

பதில்: அது இன்டர்லேஸ். நொடிக்கு 50 பாதிப் படங்கள் வருகின்றன: ஒன்றில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படைக் கோடுகள். இரண்டையும் அப்படியே கோர்த்தால், நடுவில் நகர்ந்துவிட்ட கை மட்டும் சீப்பாகிவிடும். அசையாத மைதானம் ஒழுங்காகவே இருக்கும். விஎல்சி (VLC) பிளேயரில் டீஇன்டர்லேஸ் ஆன் செய்து, ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுங்கள். வெறும் ‘யாடிஃப்’ போட்டால் சீப்பு போகும், ஆனால் 50 அசைவு 25 ஆகிவிடும். கிரிக்கெட்டுக்கு அது ஆகாது.

கேள்வி: கம்ப்யூட்டரில் டிவிபி-எஸ்2 கார்டு (சாட்டிலைட் சிக்னலை வாங்கும் கார்டு) போட்டு டிடி ஃப்ரீ டிஷ் பார்க்கிறேன். சில நாள் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. கார்டு மட்டமா?

பதில்: மழை வரும்போது மட்டும் என்றால் வானத்தைத்தான் கேட்க வேண்டும். வெயிலிலும் என்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். டிவிஹெட்எண்ட் (சேனலைப் பிடித்துப் பதிவு செய்யும் மென்பொருள்) வைத்திருந்தால் அதில் ‘கன்டினியூட்டி எரர்’ என்று ஒரு எண்ணிக்கை இருக்கும். கட்டம் உடையும்போது அந்த எண்ணும் ஏறினால், டேட்டா வழியில் தொலைகிறது: டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நிற்கும் சிக்னல் வாங்கி), கேபிள். எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது, ஆனாலும் வேகமான காட்சியில் கட்டம் வருகிறது என்றால் சேனலே அவ்வளவு இறுக்கிச் சுருக்கி அனுப்புகிறது. அதற்கு நீங்களும் நானும் ஒன்றும் செய்ய முடியாது.

எண் ஏறினால் மொட்டைமாடிக்குப் போங்கள். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கு. காற்றில் டிஷ் ஒரு விரல் அளவு திரும்பியிருந்தாலே போதும். ‘ஸ்ட்ரெங்த்’ அதிகமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், ‘குவாலிட்டி’தான் கணக்கு. எனக்கு ஒருமுறை டிஷ்ஷில் ஒரு குறையும் இல்லை. எல்என்பியில் சொருகும் முனையைக் கழற்றினேன். உள்ளேயிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது, நடுக்கம்பி பச்சை பூத்திருந்தது. நான்கு விரற்கடை வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். முடிந்தது.

கேள்வி: 4கே டிவி, பழைய மினி பிசி. மவுஸ் இழுத்துக்கொண்டே வருகிறது.

பதில்: அது எச்டிஎம்ஐ 1.4 ஆக இருக்கும். 4கே-யில் நொடிக்கு 30-க்கு மேல் தராது. 1080-இல் 60 வையுங்கள். பிசியில் 2.0 இருந்தும் 60 வரவில்லை என்றால், டிவியில் அந்த இன்புட்டுக்கு ‘அல்ட்ரா எச்டி டீப் கலர்’, ‘இன்புட் சிக்னல் பிளஸ்’ மாதிரி பெயரில் ஒரு சுவிட்ச் அணைந்திருக்கும்.

கேள்வி: அண்ணா, 4கே ஃபைல் ஒன்று வெளுத்துப்போன சேலை மாதிரி தெரிகிறது. இன்னொன்றில் மனிதர்கள் பச்சையும் ஊதாவுமாக இருக்கிறார்கள்!

பதில்: முதலாவது எச்டிஆர் (கூடுதல் ஒளி வீச்சு உள்ள) ஃபைல், உங்களுடையது சாதாரண டிவி. பிளேயர் அதைச் சாதாரண ஒளிக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். கோடியில் வீடியோ செட்டிங்கில் ‘டோன் மேப்பிங்’ இருக்கிறதா என்று பாருங்கள். எம்பிவி பிளேயர் இதை அழகாகச் செய்கிறது. இரண்டாவது பெரும்பாலும் டால்பி விஷன், எச்டிஆரிலேயே ஒரு வகை. அதன் ஒரு வகையில் நிறத்தை வேறு கணக்கில் எழுதியிருப்பார்கள். தெரியாத பிளேயர் படித்தால் பச்சை மனிதர்கள்தான். வேறு பிளேயரில் போடுங்கள், இல்லையென்றால் ஃபைலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: கறுப்புக் காட்சியில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்குகின்றன. திடீரென்று திரையே ஒரு நொடி போய் வருகிறது. இதற்கும் கேபிள் காரணமில்லை என்பீர்களா?

பதில்: இல்லை, இதற்கு மட்டும் கேபிள்தான்! டிஜிட்டல் கேபிள் மோசமானால் படம் மங்காது, நிறம் வெளுக்காது. இப்படிப் புள்ளி தெறிக்கும், அல்லது படமே போகும். தங்க முலாம் பார்த்து விலை கொடுக்காதீர்கள். இரண்டு மீட்டருக்குள் சாதாரணக் கேபிள் போதும். நான் ஒருமுறை பத்து மீட்டர் கேபிளைச் சுவருக்குள் விட்டுப் பூசிவிட்டேன். 1080-இல் ஒரு குறையும் இல்லை. 4கே டிவி வந்த அன்று திரை முழுக்கத் தீபாவளி. சுவரை உடைக்க வீட்டில் அனுமதி கிடைக்காததால் கம்ப்யூட்டரையே டிவிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 71. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் பார்ப்பேன். மகன் அமைத்துக் கொடுத்ததில் எல்லாரும் குண்டாகத் தெரிகிறார்கள். முகத்தைச் சுற்றி வெள்ளைக் கோடும் இருக்கிறது.

பதில்: ஐயா, நீங்கள் என்னைவிடப் பெரியவர், என்னைப் போய் ஐயா என்கிறீர்களே. அந்தப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்கிற சட்டத்தில் எடுத்தவை. உங்கள் டிவி பதினாறுக்கு ஒன்பது. சட்டத்தை நிரப்ப இழுத்தால் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு அகலமாகிவிடுவார்கள். விஎல்சி என்றால் படம் ஓடும்போது ‘ஏ’ (A) எழுத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள், கோடி என்றால் ‘இசட்’. முகம் ஒழுங்காக வரும்போது நிறுத்திவிடுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், அது இருக்கட்டும். வெள்ளைக் கோட்டுக்கு டிவியில் ‘ஷார்ப்னஸ்’ என்பதைக் கோடு மறையும்வரை குறைக்க வேண்டும். மகன் ஞாயிற்றுக்கிழமை வரும்போது ரிமோட்டை அவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை.