அம்மாவுக்கு கீமோ நடக்கிறது, எனக்கு ராத்திரி தூக்கமே இல்லை. இந்தப் பயத்தை எப்படிச் சமாளிப்பது?

"அம்மா தைரியமாகத்தான் இருக்கிறார். நான்தான் ராத்திரி எழுந்து எழுந்து அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறேன், வேலையில் புத்தி நிற்கவில்லை" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு கீமோ நடந்த 6 மாதமும் நானும் இப்படித்தான் இருந்தேன். எது எனக்கு உதவியது, எது உதவவில்லை என்று அப்படியே சொல்கிறேன்.

அப்பாவுக்கு 64 வயது. ஏற்காட்டுக்கு மேலே கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, அதுதான் அவர் உலகம். பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் முடிந்ததும் 21 நாளுக்கு ஒரு முறை என்று 8 சைக்கிள் கீமோ சொன்னார்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் முதல் நாள் டிரிப்பில் ஒரு மருந்து, அப்புறம் 14 நாள் காலையும் இரவும் மாத்திரை, கடைசி ஒரு வாரம் ஓய்வு. மலையில் பழம் பறிக்கும் பருவம் என்பதால் அம்மா அங்கேயே இருக்க வேண்டியிருந்தது. அப்பாவை சேலம் அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன்.

முதல் டிரிப் போட்ட மறுநாள் விடியற்காலை. டிசம்பர் மாதம். மலையில் பழகிய பழக்கம், 5 மணிக்கே எழுந்து வாசல் கேட்டைத் திறக்கப் போனார். இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டதும் "ஐயோ" என்று கையை உதறினார். கரண்ட் அடித்த மாதிரி இருக்கிறது என்றார். விரல்கள் மடங்கியே நின்றன. பதறிப் போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்தவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டார், கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

நோய் மூளைக்கு ஏறிவிட்டது என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். அன்று முழுக்க போனும் கையுமாகத் தேடினேன். எத்தனை சதவீதம் பேர் எத்தனை வருடம் இருப்பார்கள் என்பது வரைக்கும் படித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குக் கணக்கு எழுதுகிறேன். அன்று 840 கிராமை 480 என்று எழுதிவிட்டேன். முதலாளி கூப்பிட்டுக் கேட்டபோது பதில் சொல்லத் தெரியாமல் அழுதேன்.

மறுநாள் கீமோ வார்டுக்கு போன் செய்தேன். எடுத்த சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, "குளிர்ந்தது எதையாவது தொட்டாரா, குடிச்சாரா?" ஆக்சாலிபிளாட்டின் என்ற அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டாம். டிரிப் போட்ட பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்த பொருள் பட்டால் விரல் மரத்துக் குத்தும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். வெந்நீரும் கையுறையும் போதும், தானாகச் சரியாகும் என்றார். வீட்டுக்கு அனுப்பும்போது எங்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. கையில் தந்த தாளில் மாத்திரை விவரம் மட்டும்தான் இருந்தது. ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஒன்றரை நாள் நரகம் எனக்கு இல்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

ஆனால் ஒன்று புரிந்தது. எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரியாததால் நான் எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டிருந்தேன். அடுத்த முறை 80 பக்க நோட்டோடு போய் சிஸ்டரிடம் கேட்டேன்: "எது வந்தால் ராத்திரியானாலும் ஓடி வரணும், எது வந்தால் எழுதி வெச்சுக் கேட்கலாம்?" காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே வர வேண்டும், ஏனென்றால் ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரம் அது. வழக்கத்தைவிட நான்கு முறைக்கு மேல் வயிற்றுப்போக்கு, தண்ணீர் கூடத் தங்காத வாந்தி, நெஞ்சு வலி, இவையும் அப்படித்தான். உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தால் எழுதி வைத்து மறுநாள் போனில் கேட்கலாம். உங்கள் அம்மாவுக்குப் போடும் மருந்து வேறாக இருக்கும், பட்டியலும் மாறும். அதே கேள்வியை அங்கே கேளுங்கள், பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்தை நான் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்தேன். ராத்திரி 2 மணிக்கு போனைத் தேடும் கை அந்தப் பக்கத்துக்குப் போக ஆரம்பித்தது.

இருந்தாலும் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதை என்னால் விட முடியவில்லை. நாளைக்குப் பத்துத் தடவை. ஒரு நாள் அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஏங்கண்ணு, எனக்கு ஒண்ணும் பயமில்ல. நீ இப்படித் தொட்டுத் தொட்டுப் பாக்கறப்பதான் பயமா இருக்குது."

அன்றுதான் முதல் முறையாக இரண்டு பேரும் பேசினோம். பயமாக இருக்கிறது என்று நான் சொன்னேன். எனக்கும்தான் என்றார். அவர் பயம் நான் நினைத்தது இல்லை. அம்மா தனியாக எப்படிப் பறித்துக் காய வைப்பாள், மிளகுக் கொடியை யார் பார்ப்பது, இதுதான். அதன் பிறகு தெர்மாமீட்டர் காலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்கும் மட்டும் என்று பேசி முடிவு செய்தோம். நடுவில் உடம்பு சூடாகத் தெரிந்தால் அவரே சொல்ல வேண்டும். அவரும் சொன்னார்.

இரண்டாவது சைக்கிளின் ஓய்வு வாரத்தில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் மலைக்குக் கூட்டிப் போனேன். கையுறை, சாக்ஸ், மஃப்ளர், பிளாஸ்கில் வெந்நீர். 20 கொண்டை ஊசி வளைவும் ஜன்னலை மூடியே ஏறினோம். வீட்டுக்குள் கூடப் போகாமல் நேராகக் களத்துக்குப் போனார். மத்தியான வெயிலில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையுறையைக் கழற்றினார். நான் தடுப்பதற்குள் இரண்டு உள்ளங்கையையும் அந்தப் பழத்துக்குள் மணிக்கட்டு வரை புதைத்துவிட்டார். "சூடா இருக்குது கண்ணு, குத்தவே இல்ல" என்றார். அப்படியே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றாள், ஒன்றும் பேசவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பாதித் தூக்கம் அதில்தான் போகும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆஸ்பத்திரியிலேயே அதற்கென இருக்கும் கவுண்டரில் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். போன் செய்து "எங்க ஊர்ல ஒருத்தருக்கு இப்படித்தான்..." என்று ஆரம்பிக்கும் சொந்தக்காரர்களை ஆத்தூரில் இருக்கும் அக்காவிடம் விட்டுவிட்டேன். அவர்கள் சொல்லும் கஷாயம் எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். முதலாளியிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். டிரிப் நாளும் மறுநாளும் லீவு, பதிலுக்கு ஞாயிறு அரை நாள் வேலை.

இத்தனை செய்தும் எனக்குப் படபடப்பு நிற்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. ஒரு நடுராத்திரி 14416-க்கு அழைத்தேன். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அவர்கள் சொல்லித்தான் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன். நோயாளி அப்பாவாக இருக்கும்போது நமக்கு எதற்கு டாக்டர் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டது என் தப்பு. நீங்கள் தள்ளிப்போடாதீர்கள்.

அப்பாவுக்கு 8 சைக்கிளும் முடிந்துவிட்டது. 6-வதில் மருந்தின் அளவைக் குறைத்தார்கள், விரல் நுனியில் கொஞ்சம் மரப்பு இன்னும் இருக்கிறது, சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. இப்போது மலையில்தான் இருக்கிறார். 3 மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அடுத்தது வரும் வியாழக்கிழமை. புதன் ராத்திரி எனக்குத் தூக்கம் வராது என்று தெரியும், அதனால் அக்காவை அன்றைக்கு வந்து என்னோடு படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.