சந்தைச் சிலுவைக்கு எதற்குச் சட்டப் பாதுகாப்பு?

“நடுத்தெருவில் நிற்கும் ஒரு கல் சிலுவை. அதை இடிக்க ஏன் இவ்வளவு தடை?” என்று கேட்டிருக்கிறீர்கள். சந்தைச் சிலுவை என்பது ஊர்ச் சந்தை கூடும் இடத்தில் எழுப்பிய கட்டுமானம்; பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எல்லாமே வெறும் சிலுவை அல்ல. இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரின் நான்கு பெரிய தெருக்களும் கூடும் இடத்தில் இருப்பது, கூரையோடு கூடிய எண்கோண மண்டபம். 1501இல் பிஷப் எட்வர்ட் ஸ்டோரி கட்டியது. ஏழைகள் சுங்கம் கட்டாமல் முட்டை, காய்கறி விற்க நிழல் வேண்டும் என்பதே நோக்கம். 1808இல் அருகே தனிச் சந்தைக் கட்டடம் வந்ததும் அந்த வேலை போனது; மண்டபம் மட்டும் நின்றுவிட்டது.

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. லண்டன் சீப்சைடு சிலுவையை, உருவ வழிபாட்டின் சின்னம் என்று 1643இல் தரைமட்டமாக்கினார்கள். பிரிஸ்டலின் உயர்சிலுவை கழற்றப்பட்டு, கடைசியில் ஒரு செல்வந்தரின் தோட்ட அலங்காரமாகிவிட்டது! அது இன்றும் ஸ்டவர்ஹெட் தோட்டத்தில்தான் நிற்கிறது.

இப்போது சிசெஸ்டர் சிலுவை, சட்டப் பாதுகாப்புள்ள முதல் தர (Grade I) மரபுக் கட்டடம். பழஞ்சின்னப் பட்டியலில் ஏறிய சிலுவைகளுக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கடுமையானது: இடிப்பதற்கு மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் முன் அனுமதி வேண்டும். ஏனென்றால், நல்லெண்ணத்தில் பூசும் சிமெண்ட்கூட பழைய சுண்ணாம்புக் கல்லில் ஈரத்தை அடைத்து, அதை உதிரச் செய்யும்.