கிருஷ்ணகிரி வீட்டில் இரண்டு கணினி, ஓசூரில் ஒரு லேப்டாப்: மூன்றிலும் ஒரே கோப்புகள் இருக்க என்ன வழி?

மாங்கூழ் வியாபாரக் கணக்குக்குத்தானே கேட்கிறீர்கள்? சிங்க்திங் (Syncthing) என்ற மென்பொருள் போதும். இலவசம், கோப்புகள் யாருடைய சர்வரிலும் தங்காது. வீட்டுக் கணினிகள் இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால், இணையம் போனாலும் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும். ஓசூர் லேப்டாப்போடு பரிமாற மட்டும்தான் இணையம் தேவை.

ஆனால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் ஓடினால்தான் மாற்றம் போய்ச் சேரும். வீட்டில் ஒன்றை எப்போதும் போட்டு வைப்பது நல்லது, கரன்ட் பில் கொஞ்சம் ஏறும். ஒரே எக்செல் கோப்பை இருவர் ஒரே சமயத்தில் திருத்தினால் அது இரண்டையும் கலக்காது. பழையதை 'சிங்க்-கான்ஃப்ளிக்ட்' என்று பெயர் மாற்றித் தனியே வைக்கும். எது சரி என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம், இதை பேக்கப் என்று நம்பாதீர்கள். ஓரிடத்தில் அழித்தால் மற்றவற்றிலும் அழியும். மூன்றிலும் 'ஃபைல் வெர்ஷனிங்' (அழிந்த, மாறிய கோப்பின் பழைய நகலை எடுத்து வைக்கும் வசதி) போட்டுவிட்டு, தனி ஹார்ட் டிஸ்கிலும் ஒரு நகல் வையுங்கள்.