எந்த கியரில் இறங்கினாய்?

தம்பி,

உன் கேள்வி வந்தபோது நான் லீவில் அம்பாசமுத்திரம் வந்து, வீட்டுத் திண்ணையில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். டென்வர் வந்து மூன்று மாதம் ஆகிறது, பழைய நாலு சிலிண்டர் டொயோட்டா டகோமா பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், துணிச்சுவரை விரித்துத் தங்குகிற பாப்அப் கேம்பர் ஒன்றும் மலிவாக வருகிறது, ரெண்டையும் வாங்கி மலைக்கு இழுத்துப் போகலாமா அண்ணாச்சி, எந்த கேம்ப்கிரவுண்ட் நல்லது, இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், கைக்குழந்தைக்குக் குளிருமா என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். இன்சூரன்சை ஏஜென்டிடம் கேள். கேம்ப்கிரவுண்ட் எல்லாமே நல்லதுதான், கோடையில் வார இறுதிக்கு இடம் கிடைப்பதுதான் பாடு. ஜூலையிலும் ராத்திரி குளிரும், கம்பளி எடுத்துக்கொள்.

இழுக்கலாமா என்பதற்கு மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன். 2009-இல் இதே மாதிரி வண்டி, இதே மாதிரி கேம்பர், கைக்குழந்தை எல்லாவற்றோடும் நான் பட்ட பாடு அப்படி.

இழுக்கும். அந்த டகோமா 3,500 பவுண்டு வரை இழுக்கும் என்று போட்டிருப்பான். கேம்பர் காலியாக 1,800 பவுண்டுதானே, பாதிதானே என்று நீ கணக்குப் போட்டிருப்பாய். நானும் போட்டேன். அது கடையில் நிற்கும்போது உள்ள எடை. தண்ணீர்த் தொட்டியில் 20 கேலன் நிரப்பினால் அதுவே 167 பவுண்டு. கேஸ் சிலிண்டர், பேட்டரி, அரிசி, குக்கர், மடக்கு நாற்காலி, போதாததற்கு என் வீட்டுக்காரி முதல் பயணத்துக்கு இட்லிக் கொப்பரையையே தூக்கி வைத்தாள். கூட்டிப் பார், 2,400-க்குக் குறையாது. அப்புறம் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பிக்கப் தன் முதுகில் எவ்வளவு சுமக்கும் என்று. ஆட்கள், பின்னால் போட்ட சாமான், கொக்கியில் இறங்கும் பாரம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. இழுக்கிற கணக்கைப் பார்க்கிறவன் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை.

கொக்கிப் பாரத்துக்கு உனக்கு விளக்கம் தேவையில்லை. உங்கள் தாத்தா வீட்டிலும் வில்வண்டியோ பார வண்டியோ இருந்திருக்கும். நெல் மூட்டை ஏற்றும்போது முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள் இல்லையா? பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தைப் பூட்டாங்கயிறு இறுக்கும். முன்பாரம் அதிகமானால் கழுத்து அழுந்தும். கேம்பரும் அதேதான். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கொக்கியில் இருக்க வேண்டும். குறைந்தால் ஹைவேயில் கேம்பர் நாய் வால் மாதிரி ஆடும். ஆடினால் பிக்கப் பிரேக்கை மிதிக்காதே, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விடு, கேம்பர் பிரேக்கை மட்டும் கையால் போடு.

கையால் போட ஒரு பெட்டி வேண்டும். பிரேக் கன்ட்ரோலர். நீ பார்த்து வைத்த பிக்கப்பில் அது இருக்கிறதா என்று எழுதவில்லை. எனக்குக் கேம்பர் விற்றவர் நம்மவர்தான், தமிழ்ப் புத்தாண்டு விழாவில் பக்கத்து இலையில் சாப்பிட்டவர். "சின்ன கேம்பருக்கு அதெல்லாம் எதுக்கு தம்பி, சும்மா போங்க" என்றார். அவர் அதை டென்வரைத் தாண்டி எங்கேயும் இழுத்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. நம் ஆட்களில் இது ஒரு ரகம். இன்னொரு ரகம், எட்டு சிலிண்டர் பெரிய டிரக்கை வாங்கி அதில் ஆபீசுக்கும் இந்தியக் கடைக்கும் போய்வந்து, மாதத்தவணையைப் பற்றிப் புலம்புவது. ரெண்டு பேரிடமும் யோசனை கேட்காதே.

ஏற்றத்தில் இஞ்சின் திணறும், அதற்குப் பயப்படாதே. டென்வரே 5,280 அடி. மலைக்குப் போகிற ஐ-70 ஹைவேயில் ஐசன்ஹவர் சுரங்கப்பாதையின் மேற்கு வாய் 11,158 அடி. டர்போ இல்லாத இஞ்சினுக்கு ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் போல சக்தி குறையும். உச்சியில் உன் நாலு சிலிண்டர் இஞ்சினின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு இல்லை என்றே வைத்துக்கொள். வலது ஓரத்தில் லாரிகளுக்குப் பின்னால், ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு முப்பது மைல் வேகத்தில் ஏறு. எவன் ஹாரன் அடித்தாலும் அது அவன் சோலி. டெம்பரேச்சர் முள்ளில் மட்டும் கண் இருக்கட்டும்.

சுரங்கத்தைத் தாண்டினால் சில்வர்தார்ன் ஊர் வரைக்கும் ஒரே இறக்கம். சில இடத்தில் நூறு அடிக்கு ஏழு அடி சரிவு. பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கென்றே சரளை கொட்டிய மேட்டுப் பாதை வைத்திருக்கிறான் என்றால் பார்த்துக்கொள். நான் ஆட்டோமேட்டிக் வண்டிதானே என்று 'டி'-யிலேயே விட்டுவிட்டு, காலைப் பிரேக்கில் வைத்தபடி இறங்கினேன். பாதி இறக்கத்தில் ஒரு வாடை வந்தது. குழந்தையின் டயபர் என்று நினைத்து வீட்டுக்காரியைத் திட்டினேன். பிறகு பெடல் மெத்தையில் மிதித்த மாதிரி உள்ளே போனது. அழுத்தினேன், வேகம் குறையவில்லை. பின்னாலிருந்து கேம்பர் தள்ளிக்கொண்டே வருகிறது. கியரை ரெண்டுக்கு இழுத்துப் போட்டேன், இஞ்சின் அலறியது. ஹேண்ட்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, எப்படியோ ஓரத்தில் நிறுத்தினேன். முன் சக்கரம் ரெண்டிலும் புகை. என் முழங்கால் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்தது.

காலிங் கார்டு நம்பரை அழுத்தி ஊருக்குப் பேசினேன். அங்கே ராத்திரி பதினொன்றரை. அப்பா முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பாதிக் காலம் பாபநாசத்திலிருந்து காரையாறு போகிற மலை ரூட். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்தைப் படிக்கட்டில் தொங்க வைத்து இறக்கியவர். நான் புகையைப் பற்றி, சரிவைப் பற்றி, குழந்தை அழுவதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "எந்த கியர்ல இறங்குன?"

"ஆட்டோமேட்டிக்ப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஏறுன கியர்ல இறங்கணும்னு பஸ் முன் சீட்ல உக்காந்து எத்தனை தடவலே கேட்ட?" என்றார். உண்மைதான். லீவு நாளில் அந்த பஸ்ஸில் இஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்து போவேன். இறங்கும்போது இஞ்சின் உறுமிக்கொண்டே வரும், அப்பாவின் கால் பிரேக்கைத் தொடுவதே அபூர்வம். தொட்டாலும் ஒரே அழுத்து, உடனே விட்டுவிடுவார். அதைத்தான் இன்று நானும் செய்கிறேன். உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுவேன். வேகம் ஏறினால் அழுத்தமாக ஒரு மிதி, பிறகு பிரேக் ஆற விடுவேன்.

கேம்பரை வாங்கும் முன் இதைச் செய். சமதரையில் கொக்கி மாட்டி, நடக்கிற வேகத்தில் நகர்த்தி, கன்ட்ரோலர் நெம்புகோலை மட்டும் கையால் தள்ளு. கேம்பர் பிக்கப்பைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்புறம் கொக்கிக்குப் பக்கத்தில் கம்பிக் கயிறு கட்டிய ஒரு முள் இருக்கும், கேம்பர் கழன்றுகொண்டால் தானே பிரேக் போடுவதற்கு, அதைப் பிடுங்கிவிட்டு நகர்த்திப் பார். கேம்பர் சக்கரம் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டவில்லையா, விற்கிறவர் சொந்தக்காரரே ஆனாலும் கும்பிட்டுவிட்டு வா.

கரடியைப் பற்றி அரை வரி. துணிச்சுவர் கேம்பர், கருவாட்டை உள்ளே வைக்காதே. துணி நனைந்திருந்தால் வீட்டுக்கு வந்து திரும்ப விரித்துக் காயப்போடு. 10,000 அடியில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இப்போதெல்லாம் அங்கே நின்று சொதி வைக்கிறோம், பக்கத்து கேம்ப்காரர்கள் கிண்ணத்தோடு வருகிறார்கள். ரிவர்சில் ஒரே எடுப்பில் கேம்பரை உள்ளே நுழைப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய கன்ட்ரோலர் ஒன்று என் கராஜில் கிடக்கிறது. அடுத்த மாதம் நான் திரும்பி வந்ததும் எடுத்துக்கொள். அப்பாவுக்கு எண்பது ஆகிறது, பக்கத்தில் உட்கார்ந்து இதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அந்தப் பையன் வண்டி கியர் வண்டியா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?