மதுரையில் மார்கழி, தை மாதங்களில் வீட்டில் பூத்த பூக்களை மட்டும் வைத்து அலங்காரம் செய்ய முடியுமா?

முடியும், மல்லிகையை மறந்துவிட்டால்.

மதுரைக்காரியாக இருந்துகொண்டு இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ அது. ஆனால் கார்த்திகை பிறந்தால் மல்லிச்செடி ஓய்ந்துவிடும். பனியில் வரும் நாலு மொக்கும் சிறுத்துப்போயிருக்கும். பொங்கல் நெருக்கத்தில் மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரக்கணக்கில் போவது அதனால்தான். வீட்டுச் செடியைப் போட்டுப் படுத்தாமல் நவம்பர் கடைசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள். பங்குனியில் சேர்த்து வைத்துத் தரும்.

குளிர்காலத்துக்கு நான் நம்புவது செவ்வந்தியை. நம் ஊர்க் குளிர் என்றால் ராத்திரி 20 டிகிரி, கொடைக்கானல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். செவ்வந்திக்கு அந்தக் குளிர் போதும். அதற்கு அவசியம் வேண்டியது நீண்ட இருட்டு. இது எனக்குத் தெரியாமல் ஒரு வருடம் மொட்டைமாடியில் எட்டுத் தொட்டி வைத்தேன். ஆறு தொட்டியில் மஞ்சளாய் அள்ளிக்கொண்டு பூக்க, படிக்கட்டு ஓரத்து இரண்டு மட்டும் வெறும் தழையாக நின்றன. மண்புழு உரம் போட்டேன், மீன் அமிலம் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. "உரம் பத்தலையோ அத்தை?" என்று மாமியாரிடம் கேட்டதற்கு, "ஏத்தா, ராத்திரி பூரா மூஞ்சிக்கு நேரா லைட்டப் போட்டு வச்சா அது எங்கிட்டு மொக்கு வைக்கும்?" என்றார். படிக்கட்டில் விடியவிடிய எரியும் எல்இடி பல்பு! இரவு நீள்வதை உணர்ந்தால்தான் செவ்வந்தி மொக்கு வைக்கும். தொட்டிகளை இருட்டுப் பக்கம் நகர்த்தினேன், மாசியில் பூத்தன. அதற்குள் பொங்கல் போயே போய்விட்டது.

ஆகவே ஆடியிலேயே பக்கக்கன்றைப் பிரித்து நடுங்கள். ஒரு மாதம் கழித்து நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை பிரியும். ஐப்பசி அடைமழைக்குத் தொட்டியைச் சன்ஷேடுக்குக் கீழே தள்ளிவையுங்கள். மழை நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

கூடவே டிசம்பர் பூ ஒரு புதர், கனகாம்பரம் இரண்டு செடி. இரண்டுக்கும் வாசனை கிடையாது, நிறம்தான். டிசம்பர் பூவின் ஊதாவையும் கனகாம்பரத்தின் ஆரஞ்சையும் வாழைநாரில் மாற்றி மாற்றிக் கட்டி சாமி படத்துக்குப் போட்டால், மல்லி இல்லாத குறை கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியும்.

ஜாடியில் வைப்பதென்றால் காலையில் வெயில் ஏறுவதற்குள் காம்போடு வெட்டுங்கள். தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட வேண்டும். செண்டுப்பூவுக்கு இதைச் செய்யாவிட்டால் இரண்டே நாளில் தண்ணீர் நாறும். நான் கண்ணாடி ஜாடி வாங்கவில்லை. பாட்டி வீட்டுப் பித்தளைச் செம்பில் செவ்வந்தியை நெருக்கமாகச் செருகி, நடுவில் துளசிக் கதிர் நாலைந்து வைப்பேன். தினம் தண்ணீர் மாற்றினால் ஒரு வாரம் தாங்கும். காம்பு ஒடிந்த பூக்கள் உருளித் தண்ணீருக்குப் போகும்.

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ வேண்டுமே என்பீர்கள். மாடியில் சாக்குப்பையில் ஒரு கொடி ஏற்றினாலே போதும். மெலிந்து நீண்ட காம்புள்ள ஆண் பூவைப் பறியுங்கள். அடியில் குட்டிக்காய் ஒட்டியிருப்பது பெண் பூ, அதில் கை வைத்தால் சாம்பாருக்குப் பூசணி கிடைக்காது. ஆண் பூவிலும் இரண்டொன்றை வண்டுக்கு விட்டுவைக்க வேண்டும். விடியலில் விரிந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் பூ இது, ஆறு மணிக்கே சாணி உருண்டையில் செருகிவிட்டால்தான் அழகு.

பூ கிடைக்காத மழை நாட்களுக்கு வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் இருக்கின்றன. மழைக்கு முன்பே அறுத்து, சின்னச் சின்னக் கட்டாக நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டால் நிறம் போகாமல் காயும். என் வீட்டு டிவி மேசையில் இருப்பது புரட்டாசியில் காயவைத்த கட்டுதான், தூசி மட்டும் அவ்வப்போது ஊதிவிடுகிறேன்.

அரளியும் இந்த மாதங்களில் பூக்கும். ஆனால் செடி முழுக்க விஷம். வாயில் எதையும் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் வீட்டுக்குள் வேண்டாம்.

மரிக்கொழுந்து மட்டும் எனக்கு இன்னும் கைகூடவில்லை. விதைத்தால் முளைக்கிறது, பத்தாம் நாள் சாய்கிறது. கதம்பத்துக்கு அதைப் பூக்கார அக்காவிடம்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.