கலிபோர்னியா போக எவ்வளவு காசு வேணும்?
வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காக் கதைதான், அதிலும் கலிபோர்னியா. எல்லோருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடிய ஐந்தை எடுத்திருக்கிறோம். கணக்குகளில் ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்திருக்கிறோம். நீங்கள் பார்க்கும் நாளில் வங்கி விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள்.

கேள்வி: எனது அண்ணா சான்ஹோசேயில் இருக்கிறார். அவர் எனக்குப் போட்ட ஸ்பொன்சர் இத்தனை வருடத்துக்குப் பிறகு அசைந்திருக்கிறது, அடுத்த வருடம் நேர்முகம் வரலாம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. பிள்ளைகளுக்கு 14, 9 வயது. மாதம் 60,000 ரூபா மிச்சம் பிடிக்கிறோம். எவ்வளவு சேர்த்தால் போதும்? கணவரை முதலில் அனுப்பி, அவர் வேலை எடுத்த பிறகு நாங்கள் போகலாமா?
(வாசகி, உவர்மலை)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. அண்ணாவின் சகோதரி நீங்கள், ஆகவே பிரதான விண்ணப்பதாரியும் நீங்கள்தான். கணவரும் பிள்ளைகளும் உங்களை ஒட்டி விசா பெறுகிறவர்கள். அவர்கள் உங்களோடு ஒரே விமானத்தில் வரலாம், பின்னால் வரலாம், உங்களுக்கு முன்னால் மட்டும் போக முடியாது. பலர் "ஆம்பிளை முதல் போகட்டும்" என்று ரிக்கற் போட்ட பிறகுதான் இது தெரிந்து அந்தரப்படுகிறார்கள். அப்படிப் பிரிந்து போவதென்றால் நீங்கள் முன்னால் போகவேண்டும். மற்றவர்கள் விசா முடிவதற்குள் வந்து சேரவேண்டும். விசாவின் ஆயுள் பொதுவாக மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து ஆறு மாதம். ஆகவே பரிசோதனைக்கு அவசரப்பட்டு ஓடவேண்டாம், நேர்முகத் திகதி கையில் வந்த பிறகு போங்கள்.

இனிக் காசு. விசா விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 325 டொலர், நால்வருக்கு 1,300. உங்களைப் பராமரிப்பேன் என்று அண்ணா எழுதிக் கொடுக்கும் ஆதரவுப் பத்திரத்தைப் பரிசீலிக்க 120. விசா கிடைத்த பிறகு குடிவரவுக் கட்டணம் ஆளுக்கு 235, நால்வருக்கு 940. மொத்தம் 2,360 டொலர், ஏறத்தாழ ஏழு இலட்சம் ரூபா. இதை அண்ணா அங்கிருந்தே கட்டலாம். அவர் கட்டினாலும் கடன் கொப்பியில் எழுதி வையுங்கள். மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், பிறப்பு விவாகப் பதிவுகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கொழும்புக்கு மூன்று நான்கு முறை போய்வரும் செலவு, ரிக்கற் எல்லாம் இதற்கு வெளியே.

உண்மையில் கையைக் கடிப்பது வாடகை. சான்ஹோசேயில் இரண்டு அறை வீடு மாதம் 3,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் கலிபோர்னியாவில் வீட்டுக்காரர் முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் சிறிய உரிமையாளர் இரண்டு மாதம் வரை கேட்கலாம். ஆக, முதல் மாத வாடகையும் சேர்த்து, சாவி கையில் வரும்போது 6,000 அல்லது 9,000 டொலர் போயிருக்கும். விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 60 டொலருக்குச் சற்று மேல் வரை தனியாக வரும். ஐந்து வீட்டுக்கு விண்ணப்பித்துப் பார்ப்போம் என்று இறங்கினால் அதுவே ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு.

காசு இருந்தாலும் வீடு கிடைக்கும் என்றில்லை. வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் காட்டச் சொல்வது அங்கே வழக்கம். 3,000 வாடகைக்கு 9,000 வருமானம். 2026 இல் மாநிலத்தின் ஆகக்குறைந்த கூலி மணிக்கு 16.90 டொலர். வாரம் 40 மணித்தியாலம் என்றால் வரிக்கு முன் மாதம் 2,929. நீங்கள் இரண்டு பேரும் உழைத்தாலும் 5,858 தான். சான்ஹோசே நகரத்தின் சொந்தக் கூலி இதைவிடக் கூட, ஆனாலும் 9,000 எட்டாது. மேலே இன்னொரு முடிச்சு: இலங்கையில் நீங்கள் ஒழுங்காகக் கடன் கட்டிய வரலாறு அங்கே எந்தப் பதிவிலும் இல்லை. இதற்கு இரண்டு வழி. ஒன்று, அண்ணா உத்தரவாதக் கையொப்பம் வைப்பது. மற்றது சாக்ரமெண்டோ, ஸ்டாக்டன், ஃபிரெஸ்னோ பக்கம் போவது. அங்கே வாடகை குறைவு, அண்ணா தூரம்.

எங்கள் யோசனை: முதல் நான்கு மாதம் அண்ணா வீட்டில் இருங்கள், ஆனால் அதை இப்போதே வாய்விட்டுக் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள். அண்ணியிடமும் கேளுங்கள். "வாங்கோ, பாப்பம்" என்ற சொல்லை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. அந்த நான்கு மாதத்துக்குள் சமூகப் பாதுகாப்பு எண் (வேலைக்கும் வரிக்கும் கேட்கும் அரச இலக்கம்), வங்கிக் கணக்கு, வேலை, சம்பளச் சிட்டைகள் வந்துவிடும். விசாப் படிவத்திலேயே அந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கும் கேள்வி இருக்கிறது. அதற்கு "ஆம்" போட்டால் அட்டை தபாலில் வரும், வரிசையில் நிற்கத் தேவையில்லை.

இப்படிப் போனால் குறைந்தபட்சத் தொகை: கட்டணங்கள் 2,360, வீட்டுக்கு 6,000, மெத்தை பாத்திரம் 1,500, அண்ணா வீட்டில் இருக்கும்போது சாப்பாட்டுக்கும் பஸ்சுக்கும் 2,400, அவசரத்துக்கென்று தொடாமல் வைக்கும் காசு 3,000. மொத்தம் 15,260 டொலர். ரிக்கற்றும் காரும் சேரவில்லை. 300 ரூபாப்படி 45 இலட்சத்து 78 ஆயிரம். 2022 மார்ச்சில் 200 ரூபாவில் நின்ற டொலர் மே மாதம் 360 ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை, ஆகவே 330 என்று போட்டு 50 இலட்சத்தை இலக்காக வையுங்கள். மாதம் 60,000 வைத்து ஒரு வருடத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம்தான் சேரும். மிச்சம் நகை, காணி, அண்ணாவின் கைமாற்று என்று எங்கிருந்தாவது வரவேண்டும்.

கணவரின் ஊழியர் சேமலாப நிதியை இதில் சேர்க்காதீர்கள். நிரந்தரமாக நாட்டைவிட்டுப் போகிறவர் 55 வயதுக்கு முன்னும் அதை எடுக்கலாம், அது சரி. ஆனால் வேலையை விட்ட பிறகு, விசாவைக் காட்டித்தான் விண்ணப்பிக்கவேண்டும். அந்தக் காசு நீங்கள் பறந்த பிறகு வந்தாலும் வரும். அதை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள். விசா கடவுச்சீட்டில் ஒட்டுப்பட்டு வரும்வரை வேலையை விடவும் வேண்டாம்.

கேள்வி: ரூபாவாகச் சேர்ப்பதா, டொலராக மாற்றி வைப்பதா? இருபது பேர் சீட்டு ஒன்று போகிறது, சேரலாமா?
(வாசகர், மூதூர்)

பதில்: கையில் உள்ள ரூபாவை மாற்றி வெளிநாட்டு நாணயக் கணக்கில் போட முடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் காசுதான் அதில் ஏறும். அப்படி யாராவது அனுப்பினால் ரூபாவாக்காமல் அந்தக் கணக்கிலேயே விடுங்கள். சம்பளக் காசை மூன்று மாத நிலையான வைப்புகளாகப் பிரித்துப் போடுங்கள். ஒரே வருட வைப்பில் எல்லாவற்றையும் பூட்டினால், நேர்முகம் முந்தி வரும்போது இடையில் உடைத்து வட்டியை இழப்பீர்கள். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கிறார்கள், அதையும் கழித்துக் கணக்குப் பாருங்கள்.

சீட்டு என்றால் இருபது மாதம். உங்கள் பயணம் பதினான்காம் மாதம் வந்தால்? எடுக்காத சீட்டை விட்டுப் போகவேண்டும், அல்லது கூடிய கழிவில் எடுக்கவேண்டும். எடுத்துவிட்டுப் பறந்தால் மிச்சக் கட்டுக்காசு பிணை நின்றவர் தலையில். சேரவேண்டாம்.

போகும்போது காசை வங்கி மூலம் அனுப்புங்கள். குடிபெயர்பவர்களுக்கென்று மூலதனக் கொடுக்கல் வாங்கல் ரூபாக் கணக்கு இருக்கிறது. விசாவைக் காட்டித் திறந்தால் அனுமதிக்கப்பட்ட தொகையை அதன் வழியே டொலராக அனுப்பலாம். காணி விற்ற காசும் பிறகு அதே வழியால்தான் போகவேண்டும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், போட்டால் காசு போய்ச் சேரலாம், ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் உங்களிடம் இருக்காது. கையில் கொண்டு போவதென்றால் 10,000 டொலருக்கு மேல் அமெரிக்கச் சுங்கத்தில் அறிவிக்கவேண்டும். அது ஆளுக்கு 10,000 என்று அர்த்தமல்ல, ஒன்றாகப் போகும் குடும்பத்துக்கே 10,000. அறிவித்தால் வரி இல்லை. மறைத்துப் பிடிபட்டால் காசு அவர்களிடம்.

கேள்வி: போனவுடன் கார் வாங்காமல் சமாளிக்கலாமா? பழைய கார் 8,000 டொலருக்கு வரும் என்கிறார்கள்.
(வாசகர், பாலையூற்று)

பதில்: சான் பிரான்சிஸ்கோ நகருக்குள் என்றால் சமாளிக்கலாம். மற்ற இடங்களில் இரவு வேலை முடிந்து பஸ் இல்லாமல் நிற்பீர்கள். 8,000 என்பது விற்பவர் சொல்லும் விலை. தனியாளிடம் வாங்கினாலும், பெயர் மாற்றும்போது வரி நீங்கள்தான் கட்டவேண்டும். மாநிலத்தின் அடிப்படை வீதமே 7.25 சதவீதம், அதன்படி 580 டொலர். சான்ஹோசே இருக்கும் சாந்தா கிளாரா மாவட்டத்தில் 9 சதவீதத்துக்கு மேல், அதாவது 720 தாண்டும். புகைச் சோதனைச் சான்று எடுத்துத் தருவது விற்பவரின் பொறுப்பு, அது 90 நாளுக்குள் எடுத்ததாக இருக்கவேண்டும். "நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், 200 குறைக்கிறேன்" என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். சோதனையில் தோற்ற காரைத்தான் பெரும்பாலும் அப்படித் தள்ளுவார்கள்.

குடியேறி 10 நாளுக்குள் அந்த மாநிலத்துச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் போகவேண்டும். திருமலையில் இருபது வருடம் ஓடியிருந்தாலும் காப்புறுதிக்காரருக்கு நீங்கள் புதுச் சாரதி, கட்டணம் அதற்கேற்ப ஏறும். ஆகவே ஒரு கார், இருவரும் வேறு வேறு நேர வேலை. ஒரு வருடத்துக்கு இதுதான் மலிவு.

கேள்வி: சின்ன மகனுக்கு இழுப்பு. வைத்தியச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?
(வாசகி, நிலாவெளி)

பதில்: ஒதுக்கித் தப்ப முடியாது, காப்புறுதி எடுக்கவேண்டும். போய்ச் சேர்ந்து 60 நாளுக்குள், மாநிலத்தின் காப்புறுதிச் சந்தையான கவர்ட் கலிபோர்னியாவில் பதியலாம். அந்த நாளைத் தவறவிட்டால் நவம்பரில் பொதுப் பதிவு திறக்கும்வரை காத்திருக்க நேரும். வருமானம் குறைவென்றால் அதே விண்ணப்பமே உங்களை மெடி-கால் பக்கம், அதாவது குறைந்த வருமானக்காரருக்கான அரச காப்புறுதிப் பக்கம், அனுப்பும். மகனுடைய இன்ஹேலர்கள் மூன்று மாதத்துக்கும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய வைத்தியரின் ஆங்கிலக் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும். தடுப்பூசி அட்டையும் அதோடு. பாடசாலை இலவசம், ஆனால் அந்த அட்டை இல்லாமல் சேர்க்கமாட்டார்கள்.

கேள்வி: கிரைண்டர், மிக்சி கொண்டு போகலாமா? கருவாடு, கறிவேப்பிலை?
(வாசகி, சல்லி)

பதில்: கிரைண்டரும் மிக்சியும் வேண்டாம். இங்கே 230 வோல்ட், அங்கே 120. மாற்றுப் பெட்டி வாங்கினாலும் அங்குள்ள மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், கிரைண்டர் மோட்டார் நம்மூர் வேகத்தில் ஓடாது. அந்த நிறைக்குப் பிரஷர் குக்கர், புட்டுக்குழல், இடியப்ப உரல், தோசைக்கல் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் அடுப்புக்கும் காசு ஒதுக்கவேண்டியதில்லை: 2026 ஜனவரி 1 முதல் எழுதும் வாடகை ஒப்பந்தங்களில் இரண்டையும் வீட்டுக்காரரே தரவேண்டும். ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று வாசித்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

கருவாடும் மாசியும் கொண்டு போகலாம். காற்றுப் போகாமல் இரண்டு பை போட்டு அடைத்து, சுங்கப் படிவத்தில் உணவு என்று எழுதிக் காட்டவேண்டும். வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் போகும். இறைச்சி சேர்ந்த எதுவும் போகாது. பச்சைக் கறிவேப்பிலை ஒரு கொப்புக்கூட வேண்டாம்: தோடை, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்பதால் கலிபோர்னியாக்காரர் அதில் கடும் கவனம்.